பரண் தூசி

அல்மாத்தி
8 செப்டம்பர் 1997

அன்புள்ள அஜேவுக்கு,

உங்கள் ஷோல்பன் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர் இறங்குவதற்கு முன்பே கம்பளித் துணியை எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். உலகத்துக்கு நீங்கள் என் பாட்டி, எனக்கு என்னை மடியில் போட்டு வளர்த்த தாய். உங்களுக்கு ஒன்று என்றால் எனக்கு இங்கே சோறு இறங்காது. நான் நலம். விடுதியில் வெந்நீர் வருவதில்லை, மற்றபடி குறையில்லை.

ஒரு நல்ல செய்தி. ஆய்வகத்தில் முதல் முறையாக எனக்கென்று ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். அதுவும் எது தெரியுமா? நம் ஊர் அனல்மின் நிலையத்துச் சாம்பல்! முப்பது வருடமாக நிலக்கரியை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து நம் தெருவுக்குப் பின்னால் ஏரியாகத் தேக்கி வைத்திருக்கிறார்களே, அதில் ஈயம், பாஷாணம், காட்மியம் எல்லாம் எவ்வளவு இருக்கிறது என்று நான் அளக்க வேண்டும். அதில் செங்கல் அறுக்கலாமா என்று யாரோ கேட்டிருக்கிறார்களாம்.

சாம்பல் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் காய்ந்த சாம்பலைக் காற்று எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்றும் பார்க்க வேண்டும். அதற்கு ஏற்ற இடம் வீட்டுப் பரண். அங்கே யாரும் பெருக்குவதில்லை. முப்பது வருடத் தூசி அப்படியே படிந்திருக்கும். "நான் வளர்ந்த தெருவே அந்த ஏரிக்கரைதான்" என்று எங்கள் தலைவி லிதியா பவ்லொவ்னாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். இனி மானம் உங்கள் கையில். ஏரிப் பக்கம் ஃப்ரீடா அத்தையின் 2, அப்புறம் நம் 7, பெட்ரோ மாமாவின் 9, கடைசியில் சாலையோரம் சக்கிஷ் பாட்டியின் 14. நான்கு பரணிலும் ஒரு பிடி தூசி வேண்டும். இரும்புக் கரண்டி கூடாது, மரக்கரண்டி மட்டும். பைகள் வைத்திருக்கிறேன், வீட்டு எண்ணை மேலே எழுதுங்கள். ஏரியை விட்டு விலக விலக அளவு இறங்கிக்கொண்டே வர வேண்டும். அப்படி வந்தால் ஜனவரி அறிக்கையில் என் பெயரும் இருக்கும்.

அப்பா கரகண்டாவிலிருந்து தொலைபேசியில் பேசினார். "தெருவுல ஆள் இருக்காங்களா, இல்ல உன் அஜே மட்டும்தானா?" என்று கேட்டார். ஃப்ரீடா அத்தை முட்டைக்கோஸ் ஊறப்போடுவதாக நீங்கள் எழுதியதைச் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டார்.

எல்லாருக்கும் என் சலாம்.

உங்கள் ஷோல்பன்

*

அணைத் தெரு, 7
21 செப்டம்பர் 1997

என் ஒட்டகக் குட்டி ஷோல்பனுக்கு,

உன் அஜே பிகேன் எழுதுவது. நான் நலம், மாடு நலம், அடுப்பும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். வெந்நீர் வராத விடுதியில் என்ன குறையில்லை? கெண்டியில் காய்ச்சிக் குளி. ஈரத் தலையோடு வெளியே போகாதே.

உன் கடிதத்தைத் தெமீர்பெக் கொண்டுவந்தான். மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் கொடுப்பதில்லை என்று குதிரை வண்டியில் வாரம் ஒரு முறைதான் இப்போது தபால் வருகிறது. அவனை வாசலிலேயே நிறுத்தி, முழுக் கடிதத்தையும் உரக்க வாசித்துக் காட்டினேன். ஐந்தாம் வகுப்பு முடிக்கையில் போர் வந்து என் அப்பாவைக் கொண்டுபோயிற்று, என் பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. ஆனாலும் வாசிப்பில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. 'காட்மியம்' வந்த இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அவன்தான் குதிரையை மறந்து நின்றான்.

சாம்பலை மிதிக்கக் கூடாது, ஆள் நடக்காத மூலையாகப் பார்த்துக் கொட்ட வேண்டும் என்று என் அம்மா காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தாள். இவர்கள் ஏரி நிறையக் கொட்டிவைத்திருக்கிறார்கள். நாம் மிதிக்காவிட்டால் என்ன, அது பறந்து வந்து நம்மை மிதிக்கிறது. இதையும் உன் அறிக்கையில் சேர்த்துக்கொள்.

முதலில் சக்கிஷ் வீட்டுக்குப் போனேன். ஓர்ப்படி உறவைச் சொல்லிக்கொண்டு நாற்பது வருடமாக அவளுக்கு என்னை வம்புக்கிழுப்பதுதானே வேலை. விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏன்டீ பிகேன், உன் பேத்தி இத்தனை வருஷம் படிச்சது தூசி பொறுக்கத்தானா?"

"உங்க பேரன் பேங்க் காரைத் தொடைக்கறானே அக்கா, அது மேல இருக்கறது என்ன, சர்க்கரையா?" என்றேன்.

ஏணியில் ஏறியது நான். கீழே நின்று திட்டியது அவள். இறங்கியதும் ஆட்டுக்கொழுப்பில் பொரித்த பவுர்சாக் மாவுருண்டை கொடுத்தாள், அதுவும் பழையது. அவள் பரண் தூசியை இத்துடன் அனுப்புகிறேன். மற்றவை ஒவ்வொன்றாக வரும். எல்லாருக்கும் இப்போது உருளைக்கிழங்கு தோண்டும் வேலை. நீ ஒரு பைக்கு ஒரு பதில் எழுது, அடுத்த பை வரும்.

உன் அப்பன் தௌரெனுக்குச் சொல். அவனும் நானும் போன கோடையில் கையடித்துப் பேசியது பேசியதுதான். "தெருவுல இன்னொரு புகைபோக்கி புகையுற வரைக்கும் இருங்க. அது நின்ன அன்னைக்கு லாரியோட வருவேன்" என்றான். நானும் சரி என்றேன். புகைகிறது. அந்தக் கரகண்டா மூன்றாம் மாடியில் நான் யாரைப் பார்த்துக்கொண்டு உட்கார? நீ என்றைக்காவது திரும்பிப் பார்த்தால் உனக்கு ஒரு வீடு இருக்க வேண்டாமா?

ஃப்ரீடா, பெட்ரோ, சக்கிஷ் மூவரும் சலாம் சொல்லச் சொன்னார்கள். அதற்குப் பின்னால் வரிசையில் என் முத்தம்.

பிகேன்

*

அல்மாத்தி
12 அக்டோபர் 1997

அன்புள்ள அஜே,

நீங்கள் நலமாக இருப்பது கேட்டு மகிழ்ச்சி. எனக்குச் சளி, அவ்வளவுதான்.

14ஆம் எண் நன்றாக வந்திருக்கிறது. ஈயமும் பாஷாணமும் சாதாரண மண்ணைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சாலையோர வீட்டுக்கு இது சரியான அளவு என்று லிதியா பவ்லொவ்னாவே சொன்னார். சக்கிஷ் பாட்டியிடம் சொல்லுங்கள், அவருடைய தூசி தலைநகரில் பாராட்டு வாங்கியது என்று.

மற்ற மூன்றையும் ஒன்றாகவே ரயில் பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் பெண் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். தினமும் கருவியைச் சூடேற்ற முடியாது, மின்சாரம் நிற்கிறது. வேலை நிறைய. அதிகம் எழுத நேரமில்லை.

எல்லாருக்கும் சலாம்.

ஷோல்பன்

*

அணைத் தெரு, 7
26 அக்டோபர் 1997

என் குதிரைக் குட்டிக்கு,

அஜேயின் முத்தம். நான் நலம். சளிக்குச் சூடான பாலில் ஆட்டுக்கொழுப்பு ஒரு துண்டு போட்டுக் குடி, முகம் சுளிக்காதே. உன் கடிதம் இந்த முறை என் கைக்குட்டையைவிடச் சிறியது. தெமீர்பெக்குக்கு வாசித்துக் காட்டினேன். "அவ்வளவுதானா, அஜே?" என்றான். மேற்கொண்டு நானே கொஞ்சம் சேர்த்து வாசித்தேன்.

சக்கிஷிடம் பாராட்டைச் சொன்னேன். அது தப்பாகப் போயிற்று. இப்போது தண்ணீர்க் குழாய்க்கு வந்தாலும் நடை வேறு மாதிரி இருக்கிறது.

ஃப்ரீடா வீட்டுக் கதையைக் கேள். பரணில் தூசி வேண்டும் என்றதும் முகம் தக்காளி ஆகிவிட்டது.

"என் வீட்டுலயா தூசி தேடற? ஜெர்மன்காரி வீட்டுல?"

"ஃப்ரீடா, இது உன் தூசி இல்லம்மா, அரசாங்கத் தூசி. நிலையத்துலேருந்து வந்தது."

"அரசாங்கத் தூசியா இருந்தாலும் நான் தொடைச்சிருப்பேன்!"

பெட்ரோ வேறு வேலி மேல் சாய்ந்துகொண்டு, "பிகேன், நீ பரண் மேல ஏறினா பரண் கீழ வந்துரும். நான் வெல்டிங் மிஷினை எடுத்து வைக்கட்டுமா?" என்றான். அவன் பேச்சை நான் காதில் வாங்குவதில்லை. ஏறி, எடுத்து, இறங்கிவிட்டேன். என் வெள்ளைத் தலைத்துணி முழுக்கச் செம்பொடி. உதற உதறப் போகவில்லை. அப்புறம் ஃப்ரீடா ஆப்பிள் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். வெயில் சாயும்வரை மூவரும் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். பெட்ரோ அக்கார்டியன் வாசித்தான்.

2ஆம் எண் பையை ரயில் பெட்டிக்காரியிடம் கொடுத்துவிட்டேன். கூடவே ஒரு துணி முடிச்சில் குர்த் இருக்கிறது, காய்ந்த தயிர்க்கட்டி அல்லவா, வாயில் வைத்து ஊறவைத்துச் சாப்பிடு. மற்ற பைகள் அடுத்த முறை. ஒரே நாளில் எல்லாப் பரணும் ஏற நான் என்ன பூனையா?

மூவரும் சலாம் சொல்கிறார்கள். பெட்ரோ மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

பிகேன்

*

அல்மாத்தி
18 நவம்பர் 1997

அன்புள்ள அஜே,

குர்த் வந்தது. ஆய்வக மேசையிலேயே தின்றுவிட்டேன். நான் நலம். நீங்கள் பரண் ஏறுவதை நினைத்தால் பயமாக இருக்கிறது. பெட்ரோ மாமா ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

எப்படி அளக்கிறேன் என்று போன வருடம் நேரில் கேட்டீர்கள், அப்போது சரியாகச் சொல்லவில்லை. தூசியை அமிலத்தில் கரைத்து, அந்த நீரைத் தீயில் பனியாகத் தெளிப்போம். ஈயம் அளக்க ஈயத்துக்கென்று ஒரு விளக்கு இருக்கிறது. அதன் வெளிச்சத்தைத் தீயின் ஊடே செலுத்தினால், நீரில் எவ்வளவு ஈயம் இருக்கிறதோ அவ்வளவு வெளிச்சத்தை அது விழுங்கிவிடும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் போதும். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒவ்வொரு விளக்கு. ஒன்றின் வெளிச்சத்தை இன்னொன்று தொடாது.

2ஆம் எண் எனக்குப் புரியவில்லை. ஏரிக்கரையிலேயே இருக்கும் வீடு, பாஷாணம் ஏறியிருக்க வேண்டும். நான் நினைத்ததில் பாதிதான் இருக்கிறது. ஈயமோ மலைபோல் இருக்கிறது. நிலையத்துச் சாம்பலிலேயே அவ்வளவு ஈயம் கிடையாது. 7, 9 இரண்டும் வந்தால்தான் தெளிவாகும். சீக்கிரம் அனுப்புங்கள், அஜே. அறிக்கைக்கு நாள் நெருங்குகிறது.

இங்கே ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகத்துக்கு வந்துவிடுகிறேன். விடுதி அறையில் கூட இருந்த பெண் ஊருக்குப் போய்விட்டாள். இங்காவது கருவியின் சத்தம் கேட்கிறது.

எல்லாருக்கும் சலாம்.

ஷோல்பன்

*

அணைத் தெரு, 7
30 நவம்பர் 1997

என் ஒட்டகக் குட்டிக்கு,

நான் நலம், பனி இடுப்பளவு. ஞாயிற்றுக்கிழமையும் ஏன் போகிறாய்? அந்த விளக்குகள் ஓய்வு கேட்பதில்லையா? கூட ஒரு பெண் இல்லாத அறையில் சாப்பிட்டாயா என்று யார் கேட்பது? நான் இங்கிருந்து கேட்கிறேன், சாப்பிட்டாயா?

ஒன்றின் வெளிச்சத்தை இன்னொன்று தொடாது என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தைத் தெமீர்பெக்குக்கு மறுபடி வாசித்தேன். மனிதர்களும் அப்படித்தான் ஆகிவிட்டார்கள் என்றான். அவனுக்கும் மனைவி பிள்ளைகள் பவ்லதாரில்.

7, 9 இரண்டு பையும் இத்துடன் வருகின்றன. பெட்ரோ வீட்டுப் பரணில் என்ன தெரியுமா? பழைய வயர், பழைய பூட்ஸ், காலி பாட்டில், காலி பாட்டில், காலி பாட்டில். "இதையும் அளக்கச் சொல்லு உன் பேத்திய" என்றான். "அளந்தா உன் ஆயுசு தெரிஞ்சிரும்" என்றேன். அப்படிச் சிரித்தான், பனி உதிர்ந்தது கூரையிலிருந்து.

அடுத்த வாரம் குளிர்கால இறைச்சிக்குக் குதிரை வெட்ட வேண்டும். வழக்கம்போல் சக்கிஷும் நானும் ஆளுக்குப் பாதி. வழக்கம்போல் சண்டையும் இருக்கும். போன வருடம் எனக்கு எலும்பும் அவளுக்குக் கறியும் போயிற்று என்று அவளே ஊரெல்லாம் பெருமையடித்தவள். இந்த முறை கத்தி என் கையில்.

ஃப்ரீடா, பெட்ரோ, சக்கிஷ் எல்லாரும் சலாம். அறிக்கையில் உன் பெயர் பெரிய எழுத்தில் வர வேண்டும். வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, கடைச் சுவரில் ஒட்டுவேன்.

பிகேன்

*

அல்மாத்தி
22 டிசம்பர் 1997

அன்புள்ள அஜே,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? பனியால் தபால் நின்றிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு இங்கே கொஞ்சம் கஷ்டம். 2, 7, 9 மூன்றுக்கும் ஒரே அளவு வருகிறது. ஈயம், பாஷாணம், காட்மியம், துத்தநாகம், எதை எடுத்தாலும் ஒன்று. காற்று அப்படி எடைபோட்டு மூன்று வீட்டுக்கும் சமமாகப் பங்கு வைக்காது. லிதியா பவ்லொவ்னா தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே பையை மூணு தடவ அளந்திருக்க. இல்லேன்னா பாத்திரத்தக் கழுவாம வேல செஞ்சிருக்க. எது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். கழுவினேன் என்றேன். "அப்ப உன் கையில சுத்தம் இல்ல" என்றார்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்து, புது அமிலம் எடுத்து, பைகளைப் பிரித்து, எல்லாம். மறுபடியும் அதேதான். என் மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

பயப்படாதீர்கள். நான் நலம். உடனே இரண்டு வரி எழுதுங்கள்.

எல்லாருக்கும் சலாம்.

ஷோல்பன்

*

அணைத் தெரு, 7
11 ஜனவரி 1998

என் கண்ணே ஷோல்பன்,

நான் நலம். முழங்கால் கொஞ்சம் பிடித்துக்கொண்டது, அதனால்தான் எழுதவில்லை. நீ கவலைப்படாதே.

என் பிள்ளையின் கையில் சுத்தம் இல்லை என்று சொன்னது யார்? அந்தப் பெண்பிள்ளை இங்கே வரட்டும். நீ நாலு வயதில் தேநீர்க் கோப்பையைக் கழுவினால் அதில் என் முகம் தெரியும். பள்ளிக்கூடத்தில் உன் நோட்டில் ஒரு மைப்பொட்டு கிடையாது. அளவு ஒன்றாக இருந்தால் என்ன? ஒரே தெரு, ஒரே காற்று, ஒரே ஏரி. அண்டை வீட்டுக்காரர்கள் நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம் மாதிரி இருந்தோம், தூசியும் அப்படித்தான் இருக்கும். இதை அவளிடம் சொல்.

இறைச்சி நல்லபடியாக ஆயிற்று. சக்கிஷ் தன் பங்கிலிருந்து ஒரு முழுத் தொடையை எனக்குக் கொடுத்துவிட்டாள். நான் வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால் சக்கிஷ் நல்லவள்தான். வாய்தான் அப்படி, மனசு வெண்ணெய். அவள் பேரனும் பொறுப்பானவன், நன்றாகக் கார் ஓட்டுகிறான்.

நேற்று வெயில் பட்டு நம் கூரையிலிருந்து பனி ஒரேயடியாகச் சரிந்துவிட்டது. உன் தாத்தா அடித்த சிவப்பு அப்படியே பளபளவென்று இருக்கிறது. துரு ஏறக் கூடாது என்று உள்ளும் புறமுமாகத் தகரம் முழுக்க அடித்தாரே, நிலையத்திலிருந்து டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து. சாலையிலிருந்து பார்த்தால் இந்தத் தெருவில் நிறம் என்று இருப்பது அது ஒன்றுதான் என்று தெமீர்பெக் சொல்கிறான்.

இறைச்சியில் உனக்கு ஒரு பங்கு உப்புப் போட்டு வைத்திருக்கிறேன்.

எல்லாரும் சலாம்.

பிகேன்

*

அல்மாத்தி
25 ஜனவரி 1998

அன்புள்ள அஜே,

உங்கள் கடிதத்தை ஒரே நாளில் பல தடவை படித்தேன். நீங்கள் சக்கிஷ் பாட்டியைப் புகழ்ந்து எழுதியிருந்த இடத்தில் பயந்துபோனேன். எனக்கு நினைவு தெரிந்து நீங்கள் அவரைப் புகழ்ந்ததில்லை. அவரும் உங்களுக்கு இறைச்சி கொடுத்ததில்லை. ஊரை விட்டுப் போகிறவர்கள்தான் தொடையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அப்புறம் அந்தச் சிவப்பு. அது சாதாரணச் சாயம் இல்லை, அஜே. பெரிய இரும்புத் தொட்டிகளுக்கு அடிக்கிற சாயம். சிவப்பு ஈயம். ஈயமலை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. அந்தச் சாயம் அணைத் தெருவில் ஒரே ஒரு கூரையில்தான் இருக்கிறது. ஃப்ரீடா அத்தை வீட்டுக் கூரை சாம்பல் நிறப் பலகை. பெட்ரோ மாமா வீட்டிலும் அதேதான். ஆனால் ஃப்ரீடா அத்தை வீட்டுப் பரணிலிருந்து இறங்கியபோது உங்கள் தலைத்துணியெல்லாம் செம்பொடி என்று அக்டோபரில் எழுதியிருக்கிறீர்கள்.

நான் எதுவும் கேட்கவில்லை. நீங்களும் பதில் எழுத வேண்டாம். அந்தத் தலைத்துணியை மட்டும் தனியாகத் துவைத்துவிடுங்கள், கை கழுவாமல் தேநீர் குடிக்காதீர்கள். இனி அந்தப் பரணில் ஏறக் கூடாது.

லிதியா பவ்லொவ்னாவிடம் பைகளை நான்தான் கலந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அறிக்கை போய்விட்டது. சாம்பல் கணக்கு மட்டும் இருக்கிறது, தெருவைப் பற்றிய பகுதி இல்லை. என் பெயரும் இல்லை. வசந்தத்தில் இன்னொரு அறிக்கை உண்டு. அதற்கு, மாதிரியை அளக்கிறவளே நேரில் போய்த் தன் கையால் எடுக்க வேண்டும் என்று உத்தரவு. அதனால் பிப்ரவரி பாதியில் வருகிறேன். எல்லாப் பரணிலும் நானே ஏறுவேன். அந்த வீடுகள் எந்த நிலைமையில் இருந்தாலும் பரவாயில்லை.

அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

ஃப்ரீடா அத்தைக்கும் பெட்ரோ மாமாவுக்கும் சக்கிஷ் பாட்டிக்கும் வழக்கம்போல் என் சலாம்.

உங்கள் ஷோல்பன்

*

அணைத் தெரு, 7
8 பிப்ரவரி 1998

என் ஒட்டகக் குட்டிக்கு,

உன் அஜே எழுதுவது. நான் நலம். உன் கடிதத்தைத் தெமீர்பெக்குக்கு வாசித்துக் காட்டவில்லை. குதிரைக்குக் குளிரும், போ என்று அனுப்பிவிட்டேன்.

அறிக்கையில் உன் பெயர் இல்லை என்ற வரியைப் படித்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுந்து மண்வாரியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

முதலில் ஃப்ரீடா வீட்டுக்கு வழி வெட்டினேன். ஆகஸ்டில் ஜெர்மனிக்குப் போகும்போது சாவியை என் கையில் வைத்து, விரல்களையும் அவளே மடக்கிவிட்டாள். "பிகேன், மாசத்துக்கு ஒரு தடவ ஜன்னலத் தொறந்து விடு. ஊறுகாப் பீப்பாய நீ எடுத்துக்க. ஜெர்மனில இதெல்லாம் கடையில விக்குமாமே" என்றாள். பீப்பாயை நான் எடுக்கவில்லை. அது அங்கேயே இருக்கிறது. பெட்ரோ அதற்கு முந்தின வசந்தத்திலேயே மகளிடம் போனவன், சாவி தரவில்லை. கதவைச் சாத்தவே இல்லை. "திருடன் வந்தா ஒரு டீ போட்டுக் குடு பிகேன், பாவம், ஏமாந்து போவான்" என்றான். சக்கிஷைப் பேரன் டிசம்பரில் பேங்க் காரிலேயே வந்து கூட்டிக்கொண்டு போனான். ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கி, "ஏன்டீ, அந்த ஊர்ல நான் யாரோட சண்ட போடுவேன்?" என்றாள். கார் கண்ணை விட்டு மறையும்வரை கையை ஆட்டினேன். 

அவர்கள் வீட்டுக் கொட்டகையில் ஆளுக்குக் கொஞ்சம் நிலக்கரி மிச்சம் இருக்கிறது. நீ வந்து பரண் ஏறினால் கை விறைத்துவிடும் என்று மூன்று வீட்டிலும் அடுப்பு மூட்டிவிட்டேன். தினமும் காலையில் மூட்டுகிறேன். ஃப்ரீடா அடுப்பு புகைகிறது, குழாயில் காக்கை கூடு கட்டியிருந்தது, இடித்துவிட்டேன். பெட்ரோ அடுப்பு நன்றாக இழுக்கிறது, வெல்டர் அல்லவா. சக்கிஷ் அடுப்பு அவளைப்போலவே, பிடிக்க நேரமாகிறது, பிடித்தால் விடுவதில்லை. மூன்று வீட்டிலும் ஏணியைச் சாத்திக் கயிற்றால் கட்டியிருக்கிறேன். அன்றைக்கு வெறும் வீட்டில் ஏற மனசு வராமல்தான் ஃப்ரீடா பையையும் பெட்ரோ பையையும் நம் பரணிலேயே நிரப்பினேன். இந்த முறை தூசியைத் தொடவில்லை. உன் கைதான் முதலில் பட வேண்டும்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன், அதை உன் தலைவியிடம் கொடு. பைகளைக் கலந்தவள் நீ இல்லை, உன் கை சுத்தமான கை என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்துதான், ஆனால் எழுத்துப்பிழை கிடையாது. நீ கொடுக்காவிட்டால் நானே அல்மாத்திக்கு வந்து கொடுப்பேன்.

உன் அப்பனுக்கும் எழுதிவிட்டேன், இதே வண்டியில்தான் போகிறது. புகைபோக்கி விஷயத்தை உள்ளபடி எழுதியிருக்கிறேன். லாரி பிடிக்க வேண்டாம், ஷோல்பன் வந்து அளக்கட்டும் என்றும் எழுதியிருக்கிறேன். நம் பரணையும் ஏரியையும் குடிக்கிற தண்ணீரையும் அளந்து, இங்கே ஒருத்தி இருக்கலாம் என்று நீ சொன்னால் இருப்பேன். கூடாது என்றால் மூட்டையைக் கட்டுவேன். அவன் சொன்னால் கேட்க மாட்டேன். உன் விளக்குகள் சொன்னால் கேட்பேன்.

இன்று தெமீர்பெக் வந்தபோது நான்கு வீட்டுப் புகையும் நேராக எழும்பி நின்றது, காற்றே இல்லை. வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

"அஜே! எல்லாரும் திரும்பி வந்துட்டாங்களா?"

"இல்லப்பா. ஒருத்தி வர்றா."

அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு புகையை அண்ணாந்து பார்த்தான். அப்புறம் பெட்ரோ வீட்டுக்குள் போய்க் கைகளைச் சூடேற்றிக்கொண்டான்.

கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு வா. இறைச்சி இருக்கிறது. இந்த முறை சலாம் சொல்ல இங்கே வேறு யாரும் இல்லை, என்னுடையது மட்டும்தான்.

உன் அஜே
பிகேன்